நெட்டுக்குப்பத்தில் பிடிபட்ட இங்கிலீஷ்

எம்டன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன புரட்டாசியில், நெட்டுக்குப்பத்துக் கோதண்டத்தின் வலையில் மீனோடு சேர்ந்து இங்கிலீஷும் விழுந்தது. பார்ப்பதற்குச் சொறிமீன் மாதிரி வழவழவென்று இருந்தது. தனியாக ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஜோடி. சின்னதாகத் துள்ளுகிற ஒன்று, கனமாகச் சும்மா கிடக்கிற இன்னொன்றைக் கவ்விக்கொண்டிருந்தது. காதருகே வைத்தால் ஒரு ஜோடி டேக் லீவ் என்றது, இன்னொரு ஜோடி பே அட்டென்ஷன் என்றது. கோதண்டத்தோடு கட்டுமரத்தில் போகிறவன் அவனுடைய சித்தப்பா மகன் கருணாகரன். குண்டு விழுந்த புகையில் கெட்டுப்போன மீனாக இருக்கும், கடலிலேயே கொட்டிவிடு என்று அவன் சொன்னான். கோதண்டம் எதையும் வீணாக்காதவன். சந்தையில் யாரும் சீந்தாததால் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் பெண்டாட்டி மங்கை புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். எவ்வளவு கொதித்தும் ஜோடிகள் பிரியவில்லை. கோதண்டம் சட்டியை வழித்துச் சாப்பிட்டதில் மங்கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இது அந்த வீட்டில் வழக்கமாக நடப்பதுதான்.

அந்த மாதங்களில் பட்டணத்தில் அரிசி விலை ஏறிவிட்டது, சந்தேகம் மட்டும் மலிவாகக் கிடைத்தது. ஜெர்மன் கப்பலுக்குக் கரையிலிருந்து எவனோ விளக்குக் காட்டியிருக்கிறான் என்று தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் பேச்சு. புதிதாகச் சட்டை போட்டவன்மேல் சந்தேகம், சட்டையைக் கழற்றியவன்மேலும் சந்தேகம். கப்பல் வந்த அன்று ராத்திரி கருணாகரனுக்குக் காய்ச்சல். கோதண்டம் தனியாகக் கடலுக்குப் போய், விடிந்த பிறகு ஒரு மீன்கூட இல்லாமல் திரும்பினான். எங்கே போனாய் என்று மங்கை கேட்டதற்கு வலையைக் காயப்போடப் போய்விட்டான். அவள் மனதில் அது முள்ளாகத் தைத்துக் கிடந்தது. இப்படி இருக்கையில் ஒருநாள் காற்று திரும்பியதும் நடுக்கடலில் கோதண்டம் வாயைத் திறந்து, கருணாகரனைப் பார்த்து, மேக் ஹேஸ்ட் என்று கத்தினான். துறைமுகத்தில் துரைமார் கத்துகிற அதே கத்தல். கருணாகரன் பயந்துபோய்த் தலையாரியிடம் மட்டும் சொன்னான். தலையாரி எண்ணூர் கான்ஸ்டபிளிடம் மட்டும் சொன்னான். அந்த வார முடிவில் கோதண்டத்தை விலங்கு போட்டு ராயபுரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

விசாரித்த துரைக்கு மொழிபெயர்க்க பாஸ்கர் என்ற துபாஷியை உட்காரவைத்திருந்தார்கள். அவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கோதண்டம் நேராக இங்கிலீஷிலேயே பதில் சொன்னான். அதுதான் வினையாகிவிட்டது. துரை கணக்குப் போட்டது இப்படி: உள்ளூர்க்காரர்கள் எவ்வளவு படித்தாலும், எந்த வார்த்தைக்கு எந்த வார்த்தை ஜோடி என்ற இடத்தில் எப்போதாவது சறுக்குவார்கள், அது புத்தகத்தில் வருவதில்லை, கூடவே வளர்ந்தால்தான் வரும். இந்த மீன்பிடிக்கிறவன் ஒரு இடத்திலும் சறுக்கவில்லை. அப்படியானால் இவனோடு ஒரு வெள்ளைக்காரன் பல காலம் கூடவே இருந்திருக்கிறான். அவன் ஜெர்மன்காரனாகத்தான் இருக்க வேண்டும். ஜெர்மன்காரன் ஏன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறான் என்று யாரும் கேட்கவில்லை. சந்தேகம் நுழைந்த வீட்டில் அந்த மாதிரிக் கேள்விக்கு உட்கார இடம் கிடைக்காது. வலையில் விழுந்தது, தின்றேன் என்று கோதண்டம் உள்ளதைச் சொன்னான். அதையும் பிசகில்லாத இங்கிலீஷில் சொன்னதால் சந்தேகம் இரட்டிப்பானது. அந்தமானுக்குக் கப்பல் ஏற்றுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

மங்கை கூழ்ச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திருவொற்றியூர் வழியாக நடந்தே வந்தாள். கான்ஸ்டபிள் வெடிகுண்டு இருக்கிறதா என்று கூழுக்குள் விரலை விட்டுத் துழாவினான், பிறகு விரலை நக்கினான். வாசலில் நின்றிருந்த பாஸ்கர் மனசு கேட்காமல் துரையின் கணக்கை அவளுக்கு விளக்கினார். வெள்ளைக்காரர்கள் விடுப்பை எடுப்பார்களாம், கவனத்தைக் காசு மாதிரிச் செலுத்துவார்களாம், வாக்கைச் செய்வார்களாம், பிறகு அதை வைத்துக்கொள்வார்களாம் அல்லது உடைப்பார்களாம், உன் புருஷன் இதில் எதையும் மாற்றிச் சொல்வதே இல்லை அம்மா என்றார். மங்கைக்குச் சட்டென்று புரிந்தது. கட்டுமரத்தைக் கரைக்கு வந்ததும் அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். மறுபடி கட்டும்போது எந்த மரத்துக்குப் பக்கத்தில் எந்த மரம் என்பது மாறாது. பக்கத்து வீட்டுக்காரன் மரம் எவ்வளவு நல்ல மரமானாலும் நம்முடையதோடு உட்காராது. தெரிந்தே தப்பாகக் கட்டியவன் கையில் அப்புறம் கயிறு நிற்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மங்கை அவனை அடைத்திருந்த லாக்கப்பின் கம்பியோரம் குந்தினாள்.

"இன்னாய்யா, அவுங்க மரத்த அவுங்க கட்ற மாரியே கட்டிகினு கீறியாமே. அதாம் பேஜாரு. அவுத்துட்டு நம்ம மரத்தோட கட்டு."

"எந்த மரம்?"

"போடு. நீ வலை போடுற, முடிச்சு போடுற, என்னாண்ட சண்ட போடுற. வேற இன்னா தெரியும் உனக்கு? எல்லாத்தையும் அதுலயே கட்டு."

கோதண்டம் கூழைக் குடிக்காமல் வைத்திருந்தான். "தப்பா கட்னா கயிறு என் கைல நிக்காதுடி."

"அந்தமான்ல உனக்குக் கயிறு எதுக்கு?" என்றாள் மங்கை. சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் துரை முன்னால் கோதண்டம் வாய்க்குள்ளேயே ஒவ்வொரு ஜோடியாக அவிழ்த்தான். டேக், பே, மேக் என்று துள்ளுகிறவற்றைத் துப்பினான், அவை தரையில் கொஞ்சநேரம் துடித்து அடங்கின. கனமானவற்றைத் தன் ‘போடு’ என்ற சொல்லோடு சேர்த்துக் கட்டினான். லீவு போடுறேன் தொரே, பிராமிஸ் போடுறேன் தொரே, அட்டென்ஷன் போடுறேன் தொரே என்றான். ஒவ்வொரு முடிச்சுக்கும் அவன் விரல் நுனி மரத்துப்போனது. பாஸ்கர் அதைப் புட் லீவ், புட் பிராமிஸ் என்று எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தார். துரை முதலில் முறைத்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இவன் சுத்தமான உள்ளூர்க்காரன்தான், வெளியே தள்ளு என்று உத்தரவு போட்டார்.

கோதண்டம் வீடு வந்து சேர்ந்தான், ஆனால் அவன் கட்டிய மரம் அலையடியிலேயே பிரிந்தது. எத்தனை இறுக்கினாலும் அதே கதி. வெள்ளைக்காரன் இவனை எதற்குச் சும்மா விட்டான் என்று இப்போது குப்பத்துக்கே சந்தேகம். கருணாகரன் அவனோடு கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். அடுப்பு எரியாத நாள்கள் வந்தன. பொம்பளைகள் கட்டுமரத்தைத் தொடுவதில்லை என்பது அங்கே கட்டுப்பாடு. மங்கை ஒரு விடியற்காலை எல்லோரும் பார்க்கக் கயிற்றை எடுத்து மரங்களைக் கட்டினாள், ஏறி உட்கார்ந்தாள், ஏறுய்யா என்றாள். கரையில் நின்றவர்கள் மரம் பிரிவதற்காகக் காத்திருந்தார்கள். அது பிரியவில்லை. ஆழம் வந்ததும் மங்கை துடுப்பை மடியில் வைத்தாள்.

"வெளக்கு காட்னது நீயா?"

"இல்ல."

"பிராமிஸ் போடு."

"போட்டேன்."

மங்கை காலடியில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். ஒரு இழைகூடத் தளரவில்லை. அவளுக்கு அது போதும். கப்பல் வந்த அன்றைக்கு எங்கே போனான் என்று அவள் கேட்கவில்லை, வலையை அவன் பக்கம் தள்ளினாள். நிறையச் சங்கரா மீன் கிடைத்தது.

இரண்டு வருஷத்தில் துறைமுகத்துக் கூலிகளெல்லாம் லீவு போட ஆரம்பித்தார்கள், அது கோதண்டம் கட்டிய கட்டு என்று குப்பத்தில் சொல்லிக்கொள்வார்கள். மங்கை கட்டுகிற மரத்துக்கு மீன் அதிகம் விழுகிறது என்று தெரிந்ததும் கட்டுப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கருணாகரனே தன் மரங்களை இழுத்துக்கொண்டு வந்து, "அண்ணி, நமக்கும் ஒரு முடிச்சு போடேன்" என்றான். இனிமேல் யாரையும் போலீஸில் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று பிராமிஸ் போடச் சொன்னாள். போட்டான். பாதிக் கடலில் அவன் மரம் நாலாகப் பிரிந்தது, காத்திவாக்கம் வரைக்கும் நீந்திக் கரையேறினான். அதிலிருந்து மறைக்க ஏதாவது உள்ளவர்கள் தங்கள் மரத்தைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள், நெட்டுக்குப்பத்தில் அது முக்கால்வாசிப் பேர். கோதண்டம் மட்டும் கண் தெரிகிற வரைக்கும் தினமும் மங்கை கட்டிய மரத்தில்தான் கடலுக்குப் போய்வந்தான்.