நானூறாவது பெட்டி

கொக்கு பீரின் முதல் மடக்கைக் குடித்த லாரி ஓட்டுநர் ஒருவர், இறந்து இருபத்தாறு நாளாகியிருந்த தொட்டிக்காரரின் குரலில் "அம்மா, கொசு கடிக்குது" என்றார். பட்டப்பகல். பாரில் பதினோரு பேர் இருந்தார்கள், எல்லோருக்கும் கேட்டது. குரல் நாற்பத்து மூன்று வயதுக் குரல், பேச்சு நாலு வயதுப் பேச்சு. சொன்னவர் வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது மடக்கைக் குடித்தார். தான் வாயே திறக்கவில்லை என்று அடித்துச் சொன்னார். அவரைக் கேலி செய்துகொண்டே தன் பாட்டிலைத் திறந்த பள்ளிக்கூட எழுத்தரும் அதே கரகரத்த குரலில் "எனக்கும் ஒண்ணு" என்று சிணுங்கினார். பார்க்காரர் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு வியர்க்கிறது என்று திரும்பப் போட்டார்.

கொக்கு என்பது அந்த பீரின் உண்மையான பெயர் அல்ல. லேபிளில் ஒற்றைக் காலில் நின்ற பறவையைப் பார்த்து ஊர் வைத்த பெயர். அதைவிட மலிவான பீர் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. வெளியூர்க்காரர்கள் அதைப் பாட்டில் கழுவிய தண்ணீர் என்று ஏளனம் செய்வார்கள். அவர்களே வெயில் ஏறிய பிறகு ஈரச் சாக்கு சுற்றிய வாளிக்குள் கைவிட்டு இரண்டாவது பாட்டிலைத் தேடுவார்கள். லேசான புளிப்பு, அதிகம் ஏறாத போதை, தொண்டையில் நிற்காமல் இறங்கும் குணம். கூரை வேய்கிறவர்களும் ரயில் பாதையில் வேலை செய்கிறவர்களும் கோடையைக் கடந்தது அதை நம்பித்தான். அது ஊருக்குள்ளேயே, செங்கல் ஆலை ஒன்றில், ஏழு பெரிய தொட்டிகளில் புளித்தது. பாதி ஊர் அதைக் குடித்தது, மீதி ஊர் அதைச் செய்தது.

தொட்டிக்காரர் அந்தத் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுகிறவர். பீர் புளிக்கும்போது வருகிற வாயு, தொட்டி காலியான பிறகும் அடியில் தேங்கி நிற்கும். நிறம் கிடையாது, ஆளைக் கொல்ல நாலு மூச்சு போதும். அதைப் பார்க்கும் கருவி பழுதாகி மூன்று கோடை ஆகியிருந்ததால், ஒரு மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்குவார்கள். எரிந்தால் ஆள் இறங்கலாம், அணைந்தால் மறுநாள்வரை தொட்டியைத் திறந்து போட வேண்டும். அந்தக் கோடையின் முதல் வாரத்தில் ஐந்தாம் தொட்டியிலிருந்து அவரைக் கயிறு கட்டித் தூக்கியபோது காலை பதினொரு மணி. அதே நாள் மூன்று மணிக்கு அதே தொட்டியில், கழுவாமல், புதிதாகக் காய்ச்சிய பார்லிச் சாற்றை நிரப்பினார்கள். வெயில் காலத்தில் கொக்கு கிடைக்கவில்லை என்றால் ஊரில் கலவரம் வரும் என்று காரணம் சொன்னார்கள். ஆலையின் பதிவேட்டில் மெழுகுவத்தி இறக்கவில்லை என்றும், யாரும் சொல்லாமல் குடிபோதையில் தானாக இறங்கினார் என்றும் எழுதினார்கள்.

அவர் மனைவி அதே ஆலையில் பாட்டில் பார்க்கிறவள். வெள்ளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக நகரும் பாட்டில்களில் தூசி, விரிசல், செத்த ஈ இருக்கிறதா என்று பதினான்கு வருடம் பார்த்தவள். எல்லோருக்கும் பாட்டில் அக்கா. தன் புருஷன் ஒரு சொட்டும் குடிக்காதவர் என்று அவளுக்குத் தெரியும். ஆலை எழுதியதை ஊர் எடுத்துக்கொண்டு கைகால் வைத்தது: பீரைக் குடிக்கத்தான் இறங்கினானாம், வாயைத் திறந்தபடியே கிடந்தானாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அவளுடைய அண்ணன்தான் அங்கே மேஸ்திரி, தொட்டிகள் எல்லாம் அவர் பொறுப்பு. அடக்கத்தின்போது அவர்தான் எல்லோரையும்விட அதிகமாக அழுதார். "நான் லோடு ஏத்துற இடத்துல இருந்தேன்மா. பக்கத்துல இருந்திருந்தா விட்டிருப்பேனா?" என்றார். அவள் நம்பினாள். ஆனால் புருஷனை யார் இறக்கியது என்ற கேள்வி அவளுக்குள் முள்ளாக நின்றது.

பாரில் நடந்ததைக் கேள்விப்பட்டதும் அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினாள். இரண்டே நாளில் கணக்கு பிடிபட்டது. ஐந்தாம் தொட்டியிலிருந்து நானூறு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு பாட்டில். பாட்டிலுக்கு ஒரு பேச்சு. பெட்டியின் மேல் அடித்திருந்த எண் ஏற ஏற, பேச்சுக்கு வயதும் ஏறியது. ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் பேசியது நானூறு பெட்டிக்குள் அடங்கிவிடுமா என்று சிலர் கேட்டார்கள். அவரைத் தெரிந்தவர்கள், அதுவே அதிகம் என்றார்கள். அப்படியானால் நானூறாவது பெட்டியில் அவருடைய கடைசிப் பேச்சு இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவள் பார் பாராக ஏறி இறங்கினாள். பெட்டி எண்ணைப் பார்ப்பாள், குடிப்பவர் எதிரே உட்காருவாள், முதல் மடக்கு இறங்கும்வரை காத்திருந்து எழுதிக்கொள்வாள்.

ஊர் அந்தக் கோடையில் வேறு பீரைத் தொடவில்லை. நடுப்பெட்டிகள் வந்தபோது கூத்தாகிப்போனது. பட்டாளத்திலிருந்து வந்த மீசைக்காரர் ஒருவர், தொட்டிக்காரர் இருபது வருடத்துக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் சொன்னதை நாற்பது பேர் நடுவே சொன்னார். சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அவள் தலையைக் குனிந்தபடி அதையும் எழுதினாள், பெட்டி எண் நூற்றெழுபத்தொன்று. முந்நூற்றுப் பதினாறாம் பெட்டியில் ஒரு பல் டாக்டர், "எனக்கு அந்தத் தொட்டின்னாலே பயம்டா, அவகிட்ட சொல்லிடாத" என்று யாரிடமோ சொன்னதைச் சொன்னார். அன்றைக்கு அவள் எழுதவில்லை. பதினோரு வருடம் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போன மனிதர் பயந்துகொண்டே போனார் என்பதை அவள் பாரில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவள் அழுதாள். பல் டாக்டர் தான் ஏதோ தவறாகப் பேசிவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார். ஆலையும் சும்மா இருக்கவில்லை. அதிகாரி ஒருவரை அனுப்பிக் குடித்துப் பார்க்கச் சொன்னது. அவர் "மழை வருது, துணியை எடு" என்றுவிட்டு, சுவையில் மாற்றமில்லை என்று அறிக்கை எழுதினார்.

முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பெட்டியும் தீர்ந்தன. நானூறாவது எந்த பாரிலும் இல்லை. மூன்று ஊர் அலைந்துவிட்டு, பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பும் குமாஸ்தாவிடம் போய் நின்றாள். அவர் ஆச்சரியப்பட்டார். "கடைசிப் பெட்டிய உங்க அண்ணன்தானேம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு? உங்களுக்குத் தெரியாதா?" அவள் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நல்ல வெயிலில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தாள். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவள் கேட்பதற்கு முன்னாலேயே அண்ணி எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து வெளியே போட்டாள். ரொம்ப நாளாக அதன்மேல் படுத்துத் தூக்கம் வராதவள். பதினோரு பாட்டில் காலி, ஒன்று மட்டும் மூடியோடு இருந்தது.

"குடிச்சியா?"

"இல்லம்மா. சாக்கடையில ஊத்திட்டேன். ஊத்தினா அது பேசறதில்ல."

"அப்ப இதை மட்டும் ஏன் வெச்சிருக்க?"

"இதையும் ஊத்திட்டா அவன் எங்கயுமே இல்லாம போயிடுவான். கை வரல."

"குடி."

"நீயே குடியேன். உனக்குத்தானே தெரியணும்."

"நான் குடிச்சா என் காதுல விழாது. நீ குடி, நான் கேக்கறேன்."

மேஸ்திரி சோற்றுக் கையோடு பாட்டிலை வாங்கினார். மூடியைத் திறந்து ஒரு மடக்கு விழுங்கினார். "ரெண்டு தடவையும் மெழுகுவத்தி அணைஞ்சிடுச்சே மச்சான்" என்றது தொட்டிக்காரரின் குரல். கொஞ்சம் நிறுத்தி, "சரி, நீங்க சொல்றீங்க, எறங்கறேன்" என்றது. பார்க்கிறவனையெல்லாம் மச்சான் போட்டுக் கூப்பிடும் ஆள் அல்ல அவர். அவருக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே மச்சான், அவரும் எதிரே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அண்ணி முகத்தை மூடிக்கொண்டாள்.

மேஸ்திரி வாயைத் துடைத்துவிட்டு, "என்னம்மா சொன்னேன்?" என்று கேட்டார். அதுவும் தொட்டிக்காரரின் குரலிலேயே வந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டினார், ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தார். அவருடைய சொந்தக் குரல் பிறகு திரும்பவே இல்லை.

அவள் அவரைக் கூட்டிக்கொண்டு ஆலை அலுவலகத்துக்குப் போனாள். குடிபோதையில் என்ற ஒரு வார்த்தையைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றாள். மேஸ்திரி அதிகாரிக்கு முன்னால் நின்று, ஒளிக்காமல், "தப்பு என்னோடதுதான் ஐயா. மெழுகுவத்தி அணைஞ்சது தெரிஞ்சும் எறங்கச் சொன்னது நான்தான். என்னாலதான் இந்தச் சாவு" என்றார். அந்தக் குரலை அங்கே எல்லோருக்கும் தெரியும். அதிகாரி ஒருமுறை அவளைப் பார்த்தார், ஒருமுறை மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, இறந்தவர் தமது சொந்தக் குரலில் நேரில் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதி, சாட்சிக்கு இரண்டு பேரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் மேசையில் ஓங்கி அடித்தாள், இவர் என் அண்ணன் என்று கத்தினாள். முகம் பதிவாகாது, சொன்னதுதான் பதிவாகும் என்றார்கள். கோப்பு மூடப்பட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, முன்பு ஆலை மட்டும் சொன்னதை இப்போது செத்தவரே சொல்லிவிட்டதாக ஊரும் ஒப்புக்கொண்டது.

அதற்குப் பிறகு அவள் அண்ணன் முகத்தில் விழிக்கவில்லை. அவர் ஆலையை விட்டு நின்றுவிட்டார். தினமும் சாயங்காலம் வந்து, சாத்திய கதவுக்கு வெளியே, மாடிப்படிக்குப் போகும் பொது நடைபாதையில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிடும்மா" என்பார். அந்தக் கோடை தீரும்வரை அவள் கதவருகே வரவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வந்து தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

"அதைச் சொல்லாத," என்றாள். "வேற எதாவது பேசு."

"என்னத்தம்மா பேசறது?"

"எதையாவது."

அவர் தொட்டிக்காரரின் குரலில், சாலையில் குழி தோண்டியிருப்பதைச் சொன்னார். முட்டை விலை ஏறியதையும், அண்ணிக்கு முழங்கால் வீங்கியிருப்பதையும், பேருந்து நேரத்தை மாற்றிவிட்டதையும் சொன்னார். அவள் கதவில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளும் வந்தார். வருடங்கள் போயின, கொக்கு பீர் பழைய விலைக்கே விற்றது, குடித்தவர்கள் தங்கள் சொந்தக் குரலிலேயே பேசினார்கள். அவள் கதவை ஒருநாளும் திறக்கவில்லை, அவர் ஒருநாளும் தட்டவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் ஏறிப் போக வேண்டும். கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க என்பார்கள். அவர் மடக்கிக்கொண்டு, முட்டை விலையை விட்ட இடத்திலிருந்து தொடருவார்.