விலாவில் ஒரு கட்டி

சோடாவைக் குளிப்பாட்டும்போதுதான் அது என் விரலில் பட்டது. முன்னங்காலுக்குப் பின்னால், விலா எலும்பின் மேல், புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. உண்ணி என்று நினைத்துக் கிள்ளிப் பார்த்தேன். வரவில்லை. தோலோடு தோலாக இறுகியிருந்தது. சோடா எங்கள் வீட்டுப் பெண் நாய். பத்து வயது தாண்டி, முகவாய் நரைத்துவிட்டது.

என் கணவர் ஜெயவேல் விம்கோ நகரில் ஒரு லேத்துப் பட்டறையில் டர்னர். அளந்து பார்க்காமல் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கட்டியைக் காட்டியதும் அவர் முகம் செத்துப்போயிற்று. மறுநாள் பட்டறையிலிருந்து வெர்னியரைக் கொண்டுவந்தார். இரும்புச் சாமான்களை இரண்டு தாடைகளுக்கு நடுவில் கவ்வி அளக்கிற கருவி அது.

"டாக்டராண்ட போலாம்யா" என்றேன்.

"போனா கத்தி வெக்கணும்னுவாங்கம்மே. இந்த வயசுல மயக்க ஊசி போட்டா எந்திரிக்காது. பட்டறையில லியோனார்ட் வளத்த நாயி அப்டித்தான் போச்சி. மொதல்ல பெர்சாவுதான்னு பாப்போம்."

அன்று முதல் காலையில் அதுதான் முதல் வேலை. முடியை விலக்கி, கட்டியைத் தாடையில் கவ்வி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். ஏறியிருந்தால் நாஷ்டா சாப்பிடாமல் போய்விடுவார். இறங்கியிருந்தால் சாயங்காலம் சோடாவுக்கு ஈரல் வரும். ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். இறங்கிய நாட்களை நம்பியே டாக்டரைத் தள்ளிப்போட்டோம். வெர்னியர் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டாலே சோடா கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கும். இழுத்து வருவது என் பொறுப்பு. என் கையை நக்கிக்கொண்டே வரும்.

பக்கத்து வீட்டு மெஹ்னாஸ் ஒருநாள் வாசலில் நின்று பார்த்தாள். "இன்னா அண்ணாத்த, நாய்க்கு பேரிங் மாத்தப் போறியா?"

"ரெண்டு பாயிண்ட் கொறஞ்சிகீதும்மா."

"கொறஞ்சது மறுபடி ஏன் ஏறுது? டாக்டரு கேட்டா சொல்றதுக்கு உன்னாண்ட பதிலு கீதா?"

அவர் வெர்னியரைப் பெட்டியில் வைத்து மூடினார். ஆனால் அது அவரைக் குடைந்திருக்க வேண்டும். மறுநாள் அளந்தது போதாமல் திரும்பத் திரும்ப அழுத்தி அளந்தார். நான் டீ கொண்டுவருவதற்குள் கட்டி சிவந்து, அரை எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது. சோடா மஞ்சள் தண்ணீராக வாந்தி எடுத்து, நிற்க முடியாமல் சரிந்தது.

"ரமா, ஆட்டோ கூப்புடு" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. சோடா என் மடியில் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தது. "மூச்சு கீதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் கை மட்டும் அதன் பக்கம் வரவில்லை.

தண்டையார்பேட்டையில் டாக்டர் நவ்ரீன் முதலில் ஊசி போட்டு வாந்தியை நிறுத்தினார். பிறகு மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"கட்டிய யாராவது அழுத்தினீங்களா?"

ஜெயவேல் எல்லா அளவையும் மனப்பாடமாக ஒப்பித்தார். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சார், இந்த வகைக் கட்டிய நசுக்கினா உள்ள இருக்கறது கசியும். சுத்தி வீங்கும், வயித்தையும் பெரட்டும். அப்புறம் தானா வத்தும். வளருதா இல்லையான்னு நீங்க அளக்கல. உங்க கை எவ்வளவு அழுத்துச்சுன்னுதான் அளந்திருக்கீங்க."

"புத்துநோயாம்மா?"

"ஆமா. எடுத்துடலாம். ரத்தம், நெஞ்சு எல்லாம் பாத்துட்டுத்தான் மயக்கம் குடுப்போம். எழுந்துக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வயசு ஒரு நோய் இல்ல. இந்தக் கட்டி நோய்."

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம்.

"எந்திரிக்கலன்னா நாந்தான் கொண்டாந்து சாவடிச்சேன்னு ஆவும்" என்றார்.

"எடுக்காம வுட்டா மட்டும் வேற யாரோ சாவடிச்சதா ஆவுமா?"

 அவர் தானே எழுந்து உள்ளே போய், "எடுத்துடுங்கம்மா" என்றார்.

பரிசோதனைகள் முடிந்து, அறுவைக்கு நாள் குறித்து, அந்த நாளில் சோடாவைக் கொண்டுவந்து உள்ளே விட்டோம். கதவு மூடியபோது அது திரும்பி எங்களைப் பார்த்தது. அதன் பிறகு அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அறுவை முடிந்து எங்களை உள்ளே கூப்பிட்டபோது சோடா போர்வைக்குள் கிடந்தது. நாக்கு வெளியே சரிந்திருந்தது. பாதி திறந்த கண்ணில் பார்வை இல்லை. கட்டியைச் சுற்றியிருந்த சதையையும் சேர்த்து வெட்டியதால் தையல் சாண் நீளம் இருந்தது. வேர் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, வெட்டிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாக டாக்டர் சொன்னார். பதில் வரச் சில நாள் ஆகுமாம்.

"இன்னும் முழிக்கல. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

ஜெயவேல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "தொடலாமாம்மா?"

"தலையத் தொடுங்க."

அவர் தொடவில்லை. குனிந்து மூக்கருகே ஒரு விரலை மட்டும் நீட்டினார்.

"சோடா."

ஒன்றும் அசையவில்லை.

"சோடா, வூட்டுக்குப் போலாம் வா."

ஒரு காது லேசாகத் துடித்த மாதிரி இருந்தது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

"இன்னொரு தபா கூப்புடுய்யா" என்றேன்.