இரண்டாவது கையெழுத்து

காலை ஐந்தே கால். ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி மருந்தறையில் அம்புஜம் மருந்து ஆம்பூலின் கழுத்தை ஒடித்தாள். கண்ணாடிச் சில் விரலைக் கீறியது. பஞ்சால் அழுத்திக்கொண்டே சிரிஞ்சில் மருந்தை இழுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, கட்டில் எண்ணை எழுதி ஒட்டினாள். ஆறு மணிக்குள் மூன்று வார்டுக்கும் ஊசி மருந்து போயாக வேண்டும்.

போன மாதம்வரை ஒருவர் மருந்து எடுக்க, இன்னொருவர் டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுவார். தொண்ணூற்றாறாம் வருடம் தை மாதம் நிர்வாகம் பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அவிநாசி சாலையில் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது.

அன்று இருபத்தோராம் கட்டிலுக்கான இன்சுலின் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போய்விட்டது. தாராபுரத்து விவசாயி பாலுசாமி வேர்த்துக் கொட்டி நினைவிழந்தார். சிரிஞ்சில் ஒட்டியிருந்த எண்ணை நம்பி ஊசி போட்ட நர்ஸ் கோமளாவே பதறி ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றினாள். அரைமணி கழித்துத்தான் கண் திறந்தார்.

மேனேஜர் கோபாலசாமி தட்டச்சு செய்த தாளை அம்புஜத்தின் முன் தள்ளினார்.

"முழுக்க உன்ற கவனக்குறைவுன்னு இருக்குது. கையெழுத்துப் போட்டுப்போட்டு ஊட்டுக்குப் போயிரு அம்மணி."

"எண்ணை மாத்தி எழுதுனது நாந்தானுங்க. ஆனா சரிபாக்கற ஆளை எடுத்தது ஆருங்க? அதையும் எழுதுங்க, போடறேன்."

"எனக்கே பாடம் எடுக்கறயா?"

கதவு திறந்தது. மருந்தறையின் மூத்த ஊழியர் கண்ணையாவும் மற்ற ஊழியர் ஏழு பேரும் நின்றார்கள்.

"சார், வேலைய நிறுத்தமாட்டமுங்க. அவசர மருந்து மொதல்ல போகும். ஆனா ரெண்டு பேரு பாக்காம இனி ஒரு சிரிஞ்சும் வெளிய போகாதுங்க" என்றார் கண்ணையா.

"தாமசமானா?"

"டாக்டருங்க உங்களைத்தான் கேப்பாங்க."

"அத்தனை பேரையும் மாத்திப்போடுவேன்!"

யாரும் நகரவில்லை. அம்புஜம் தாளைத் தொடாமல் வெளியே வந்தாள்.

சரிபார்க்க இரண்டாவது ஆள் வேண்டுமென்று நிர்வாகத்துக்கு மனு எழுதி எல்லாரும் கையெழுத்திட்டார்கள். கோமளாவும் போட்டாள். அம்புஜம் நேரே பாலுசாமியிடம் போனாள்.

"ஐயா, எண்ணை மாத்தி எழுதுனது நாந்தானுங்க."

அவர் முகம் இறுகியது. "நான் செத்திருந்தா?"

அவள் கைகூப்பினாள்.

அவள் விரலிலிருந்த கீறலைப் பார்த்தார். "எத்தனை பேர்த்துக்கு மருந்து எடுக்கற?"

"தொண்ணூறு பேர்த்துக்குங்க."

"ஒத்த ஆளா?"

தலையசைத்தாள். அவள் கையிலிருந்த மனுவைக் காட்டி, "என்னது அது?" என்றார். சொன்னாள்.

"எனக்கு எழுத வராது கண்ணு. மை கொண்டா, கைநாட்டு வெக்கறேன்."

கோமளா மைப்பெட்டி எடுக்க ஓடினாள். பக்கத்துக் கட்டில்காரர் மெல்ல எழுந்து உட்கார்ந்து, "அப்படியே இங்கயும் கொண்டாங்க" என்றார்.