சம்மதம் என்ற பொத்தான்

நான் கல்யாணப் பெண்களைப் படம் எடுக்கிறவள். திகனயிலிருந்து கண்டி டவுன் வரை, பெண்கள் பக்கத்துக்கு ஆள் வேண்டுமென்றால் றுமைஸாவைக் கூப்பிடு என்றுதான் சொல்வார்கள். என்னைவிட நன்றாகப் படம் எடுக்கிறவர்கள் இருக்கலாம், நான் இன்னும் பார்க்கவில்லை. அப்படியே இருந்தாலும் நான் கொடுக்கும் வாக்கை அவர்களால் கொடுக்க முடியாது. முக்காடில்லாமல், முடியை அலங்கரித்து நிற்கும் மணப்பெண்ணின் படம் எந்த அந்நிய ஆணின் கண்ணிலும் படாது. எடுப்பது நான், திருத்துவது நான், என் வீட்டு அறையில் பிரிண்ட் எடுப்பதும் நான். வெளியே பிரிண்ட் போடும் லேபில் ஆண்கள் இருப்பார்கள் என்பதற்காகவே சொந்தமாகப் பிரிண்டர் வாங்கினேன்.

போன மாதம் என் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. அதிலிருந்த மென்பொருளை ஒருமுறை காசு கொடுத்து வாங்கியதோடு சரி, வருடக்கணக்கில் ஓடியது. புதுக் கம்ப்யூட்டரில் அது ஏற மறுத்தது. கம்பனி அந்தப் பழைய பதிப்பைக் கைகழுவிவிட்டு, இப்போது மாத வாடகைக்குத்தான் தருகிறது. வாடகை நின்றால் மென்பொருளும் நின்றுவிடும். என் கணவர் பவாஸ் பஸாரில் போன் கடை வைத்திருப்பவர். களவுப் பிரதி போட்டுத் தரும் ஆள் ஒருவரைத் தெரியும் என்றார். களவுச் சாமானில் கல்யாணப் படம் செய்ய மாட்டேன் என்றேன். அவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். என்னிடம் வாய் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வாடகைக்கே எடுத்தேன். நிறுவும்போது நீளமாக நிபந்தனைகள் வந்தன, கீழே சம்மதம் என்ற பொத்தான். உலகத்தில் ஒருவரும் அதை வாசிப்பதில்லை, அமத்துங்க என்று பவாஸ் சிரித்தார். மகளுக்கு மாப்பிள்ளை தரும் மஹர் எவ்வளவு என்று பார்க்காமல் நிக்காஹ் பதிவில் கையெழுத்துப் போடும் வாப்பா எங்காவது உண்டா என்று கேட்டேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தேன். கல்லும் முள்ளுமான ஆங்கிலம். விளங்காத இடத்தில் அகராதியைப் பார்த்தேன், அகராதியும் கைவிட்ட இடத்தில் கம்பனிக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன்.

பாதிக்கு மேல் சாதாரண விஷயம்தான். உரிமம் என் பெயரில். இரண்டு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் இரண்டிலும் பாவிக்கக் கூடாது. படங்கள் என்னுடையவையே. அதுவரை சந்தோஷம். அடுத்த பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். நான் சும்மா இருந்தாலும் படங்கள் தாமாகவே கம்பனியின் சேமிப்புக்குப் போகுமாம். அங்கே போனதை, அவசியம் என்று பட்டால், அவர்களுடைய ஆட்கள் திறந்து பார்க்கலாமாம். அதை நிறுத்த வழி இருந்தது, தேடிப் பிடித்து நிறுத்தினேன். ஒரே அழுத்தில் கறை, தழும்பு எல்லாம் போக்கும் புதுக் கருவி மட்டும் படத்தை அங்கே அனுப்பாமல் வேலை செய்யாது என்று பதில் வந்தது. சரி, அதைத் தொடுவதில்லை. எல்லாம் விளங்கிய பிறகே சம்மதம் அழுத்தினேன். பெருமையாகத்தான் இருந்தது.

புது மென்பொருளில் முதல் வேலை ரபீகாவின் கல்யாணம். அவளுடைய மாமியார் ஹபீலா, என் தொழிலை எனக்கே படிப்பிக்கும் பெண்மணி. குண்டசாலை மண்டபத்தில் சாப்பாடு கொண்டுவந்த ஆண்களைக் கதவோடு திருப்பி அனுப்பினார். படங்கள் வெளியே போகாது என்று என்னிடம் திரும்பத் திரும்ப வாக்கு வாங்கினார். கல்யாணம் முடிந்த பிறகு, மருமகளையும் கூட்டிக்கொண்டு படம் பார்க்க என் வீட்டுக்கு வந்தார்.

ரபீகாவின் கழுத்தில் ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் சுடுதண்ணீர் கொட்டியதில் வந்தது. எல்லாப் படத்திலும் அதை எடுத்துவிட வேண்டும் என்றார் ஹபீலா மாமி. புது மென்பொருளில் அது ஒரு நொடி வேலை என்று மகன் சொன்னாராம். ரபீகா திரையை விட்டுவிட்டுத் தன் வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, நிபந்தனையில் அந்தப் பந்தியைத் திறந்து காட்டினேன்.

"ஒரு நொடி வேலதான் மாமி. ஆனா அதுக்கு இந்தப் படம் முழுசா வெளிநாட்டுக்குப் போகணும். அங்க தேவைப்பட்டா ஆளும் பாக்கும் எண்டு எழுதியிரிக்கி. அது ஆம்புளயா பொம்புளயா எண்டு எழுதல்ல."

ஹபீலா மாமியின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையால் செய்ய ஏலாதா என்று கேட்டார். செய்யலாம், படம் இந்த அறையை விட்டுப் போகாது, ஆனால் ஒவ்வொன்றாகச் செய்து முடிய மாதக்கணக்காகும் என்றேன். அல்பம் பிந்தினால் பிந்தட்டும் என்றார்.

என் வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டது. நான் சரி என்று சொல்லியிருந்தால் பேச்சும் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை தன் கல்யாண அல்பத்தில் தன் கழுத்தோடு இருப்பதா வேண்டாமா என்று அவளை யாருமே கேட்கவில்லை. மென்பொருள்கூட ஒரு பொத்தானைக் காட்டிச் சம்மதம் கேட்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை, அவள் பக்கம் திரும்பினேன்.

"படத்துல இரிக்கிறது நீங்க. நீங்க சொல்லுங்க ரபீகா."

"நாளைக்கிப் பேரப்புள்ளைகள் பாக்கிற அல்பம் மகள்," என்று ஹபீலா மாமி முந்திக்கொண்டார்.

ரபீகா நிமிர்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே பதில் தெரிய வேண்டியவளைப் போலக் கேட்டாள்.

"அந்தப் புள்ளைகள் என்னய நேர்ல பாக்க மாட்டாங்களா மாமி?"

ஹபீலா மாமி அவள் பக்கம் திரும்பினார். மருமகளின் கழுத்தை, திரையில் அல்ல, பக்கத்தில் இருந்தவளின் கழுத்தை, கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பிரிண்டரில் தாள் வைத்தேன். இருக்கிறபடியே எந்தப் படத்தை முதலில் பிரிண்ட் எடுப்போம் என்று மாமி ரபீகாவிடமே கேட்டார்.