ஏவும் சொல்

பக்கவாதம் வந்து எழுந்த பிறகு என் கணவர் எல்வுட்டின் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். அது எங்கள் நாயின் பெயர்.

வெண்ணெய் வேண்டுமென்றால் "பெக்." ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றால் "பெக்." என்னைக் கூப்பிடுவதும் "பெக்." அதிகம் புழங்கிய சொல் சில சமயம் தங்கிவிடும் என்றார் டாக்டர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் எதை அதிகம் புழங்கியிருக்கிறார் என்பது டாக்டர் முன்னால் அம்பலமாகிவிட்டது. அங்கே சிரித்து வைத்தேன். காருக்கு வந்ததும் அழுதேன்.

நாய்க்கும் இதில் பெரும் பாடு. எங்கள் சதுப்பில் வாத்து வேட்டை நாயை அதன் பெயரைச் சொல்லித்தான் ஏவுவோம். துப்பாக்கி வெடிக்கும், பறவை விழும், நாய் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பெயர் காதில் விழுந்த பிறகுதான் போய் எடுத்து வர வேண்டும். பெக்கைக் குட்டியிலிருந்து எல்வுட் அப்படித்தான் பழக்கியிருந்தார். இப்போது அவர் உப்பு கேட்டால், அது கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்து ஓடையில் போய்க் குதிக்கும். சொட்டச் சொட்ட வெறும் வாயோடு திரும்பி வந்து, தப்பெல்லாம் தன்னுடையது என்பதுபோல அவர் காலடியில் படுத்துக்கொள்ளும். கோடை முடிவதற்குள் யார் வாயைத் திறந்தாலும் பாய ஆரம்பித்துவிட்டது.

எல்வுட்டின் வேட்டைக் கூட்டாளி கால்வின் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"எல்வுட்ட நான் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன். சுட வேணாம், உக்காந்து பாத்தா போதும். ஆனா இந்த நாயோட முடியாது. துப்பாக்கி முன்னாடி பாஞ்சு சாகப் போகுது. வீட்டுல கட்டிப் போடு."

"பெக்," என்றார் எல்வுட். இந்த முறை நாயைத்தான் சொன்னார். அது இல்லாமல் அவர் சதுப்புக்குப் போகமாட்டார். சதுப்புக்குப் போகலாம் என்ற ஆசை ஒன்றுதான் தினமும் காலையில் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தது.

"அப்ப ஏவுற சொல்ல மாத்திட வேண்டியதுதான்," என்றேன்.

"'போ'ன்னு வையி. சின்னதா இருக்கு."

"'டோரீன்'னு வைக்கிறேன்."

"அது உன் பேருல்ல?"

"எனக்குத் தெரியாதா? இந்த வீட்டுல இப்ப அதை யாரு கூப்பிடறாங்க? சும்மாத்தானே கெடக்கு."

கோபத்தில்தான் சொன்னேன். சொன்ன பிறகு மாற்றிக்கொள்ள வீம்பு விடவில்லை.

சாப்பாட்டு மேஜைக் காலில் பெக்கைக் கயிற்றால் கட்டினேன். எல்வுட் "பெக்" என்றால் துள்ளும், கயிறு பிடித்து இழுக்கும். அடங்கி உட்கார்ந்தால் ஒரு துண்டு பன்றிக்கறி. கறி தீர்ந்துகொண்டே வந்தது, துள்ளலும் குறைந்தது. அப்புறம் வெளியே கூட்டிப்போய், வாத்து இறக்கை கட்டிய துணி உருளையை ஓடையில் எறிந்துவிட்டு "டோரீன்!" என்று கத்துவேன். சொந்தப் பெயரைக் கத்திக்கொண்டு தண்ணீரோரம் நிற்கும் கிழவியைப் பார்த்து, தபால்காரி வண்டியை வேகமாக ஓட்டிப் போனாள். கால்வினையும் மிரட்டி வைத்தேன், நாய் காதுபட என் பெயரைச் சொல்லக் கூடாதென்று. "ஏம்மா" என்று கூப்பிடப் பழகிக்கொண்டான். எல்வுட் தினமும் ஜன்னலருகே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நவம்பரில் வேட்டைக் காலம் திறந்தது. கால்வினின் படகில் போய், நாணல் மறைப்புக்குள் மூவரும் உட்கார்ந்தோம். பெக் எல்வுட்டின் நல்ல கைப்பக்கம்.

"அது ஒரு தடவ சொல்லாம பாஞ்சாலும் படகத் திருப்பிடுவேன்," என்று கால்வின் முன்பே சொல்லிவிட்டான்.

முதல் வாத்துக் கூட்டம் தாழ வந்தது. கால்வின் சுட்டான். ஒன்று தண்ணீரில் விழுந்தது.

"பெக்," என்றார் எல்வுட்.

நாய் நடுங்கியது, அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கடல் பக்கம் வடிந்துகொண்டிருந்த தண்ணீர் வாத்தை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

"பெக். பெக்." அவருக்குக் கண் கலங்கியது.

"நீ சொல்லும்மா, போயிடப் போகுது," என்று கால்வின் என் விலாவில் இடித்தான். ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எல்வுட்டின் கோணிய உதடு எதையோ தேடியது. "டோ," என்றார். முகம் சிவந்துவிட்டது. "டோ... ரீன்."

பெக் தண்ணீரில் பாய்ந்தது. நானும் எழுந்து நின்றிருந்தேன்.

"உக்காரும்மா," என்றான் கால்வின். "உன்னை இல்ல."

வாத்தை அலுங்காமல் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தது. நாயின் ஈரத் தலையை அவர் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குளிரில் நடுங்கியபடி காபி பிளாஸ்க்கைக் காட்டி, என்னைப் பார்த்து, தெளிவாகச் சொன்னார்.

"டோரீன்."

பெக் மறுபடி தண்ணீரில் குதித்தது. அங்கே ஒரு பறவையும் இல்லை.

"போச்சுடா!" என்று தொப்பியைக் கழற்றி எறிந்தான் கால்வின். "இன்னொரு சொல்லுல முதல்லேருந்து பழக்கணும்."

பழக்கிக்கொள்ளலாம். நான் பிளாஸ்க்கைத் தொடவில்லை.

"என்ன?" என்று எல்வுட்டிடம் கேட்டேன். "சரியா காதுல விழல."