நாற்பத்து மூன்றாம் எண் பழக்கம்

ஈரோட்டில் குடியை விட்டவர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். அவரிடமிருந்து இறங்கிய பழக்கம்தான் இருபத்தாறு வாரம் ஆய்வு நிலையத்தில் தங்க வேண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பெருந்துறைச் சாலையில் உள்ள அந்த நிலையத்தில் அது இரண்டாம் மாடி மட்டும்தான். அங்கே ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு பாய், ஒரு தட்டு, வாரம் ஒருமுறை ஒரு கேள்வித்தாள்.

கேள்வித்தாளைப் படித்துக் காட்டுவது ஆராய்ச்சி உதவியாளர் மேகலாவின் வேலை. ஓர் எழுத்தைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, பதிலைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது. நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அது மஞ்சள் மண்டியில் எடை போடும் நாச்சிமுத்துவின் பழக்கம். அவருடைய பழைய பழுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்காரும். மற்றபடி சாது. மாடியில் இருந்த துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அதுதான்.

முதல் கேள்வி, ‘கடந்த ஏழு நாட்களில் திரு. நாச்சிமுத்துவை எத்தனை முறை நினைத்தீர்கள்?’ என்பது. இருபத்தாறாம் வாரம் பதில் பூஜ்யமாக இருந்தால் பழக்கம் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஒன்று என்றால்கூட உரியவரிடம் கொண்டுபோய் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

அந்தப் பூஜ்யத்துக்காக ஒரு குடும்பமே காத்திருந்தது. நாச்சிமுத்துவின் மனைவி ருக்மணி பதினோரு வருஷம் கோபியில் அண்ணன் வீட்டில் இருந்தவள். அவர் குடியை விட்டதும் ஒரு பையோடு திரும்பி வந்தாள். இரண்டாவது பை கோபியிலேயே இருந்தது. இருபத்தாறாம் வாரம் தாண்டட்டும் என்று சொல்லிவிட்டாள். கெட்டிக்காரி.

இருபத்தைந்தாம் வாரமும் பழக்கம் ‘ஒரு தடவை’ என்றது. எப்போது என்பது கிளைக் கேள்வி.

“போன வெள்ளிக்கிழமை பத்து மணிக்குங்க. நீங்க அவரு பேரைப் படிச்சீங்கல்ல, அப்ப. மத்தபடி நெனப்பே இல்லீங்க.”

மேகலா முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டாள். பிறகு கோப்பைப் புரட்டினாள். ஒன்பதாம் வாரத்திலிருந்து எல்லாப் பதிலும் ஒரு தடவைதான், எல்லாமே வெள்ளிக்கிழமை பத்து மணிதான். ஆக, மறந்துபோன பழக்கத்துக்கு அவளே வாராவாரம் ஞாபகப்படுத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. எட்டு வருஷ வேலையில் அவள் அழுதது அன்றைக்குத்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைமை ஆய்வாளர் டாக்டர் உமையாளிடம் போனாள். கேள்வியை மாற்ற முடியாது, அதற்குச் சென்னையில் ஒரு குழு கூட வேண்டும், போன குழுவே இன்னும் கலையவில்லை என்றார் டாக்டர். மேகலா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். போன வாரம் பத்து மணிக்கு வந்த நினைப்புக்கு இந்த வாரம் பத்து மணிக்குச் சரியாக ஏழு நாள். கோட்டின் மேல் நிற்பது உள்ளே என்று கணக்கு. பத்து மணி தாண்டிக் கேட்டால் அது வெளியே போய்விடும். கேட்கும்போதே வருகிற நினைப்போ கடந்த நாளில் சேராது.

விதிப்படி ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகலாம் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். “ஆனா மேகலா, உன்னால முடியுமா?” என்று மட்டும் கேட்டார்.

கேட்டது நியாயம்தான். மேகலா பிறந்ததிலிருந்து ஒரு நிமிஷம் தாமதித்தவள் இல்லை. நிலையத்தின் சுவர்க்கடிகாரத்தை அவளைப் பார்த்துத்தான் திருத்துவார்கள்.

கடைசி வெள்ளிக்கிழமை அவள் வேண்டுமென்றே, வேறு வழியாகச் சுற்றிப் போகும் சென்னிமலைப் பேருந்தில் ஏறினாள். அது அன்றைக்கு நிலைய வாசல் வழியாகப் போய் அவளை ஒன்பதே முக்காலுக்கு இறக்கிவிட்டது. முன்னறையில் நாச்சிமுத்து மஞ்சள் படிந்த கைகளோடு உட்கார்ந்திருந்தார். ருக்மணி முதல் நாளே கோபிக்குப் போய், இரண்டாவது பையோடு அங்கே பேருந்து நிலையத்தில் காத்திருந்தாள். நல்ல செய்தி வந்தால் ஈரோட்டுப் பேருந்து, இல்லாவிட்டால் அண்ணன் வீடு.

பத்தாக இரண்டு நிமிஷம் இருக்கும்போது மேகலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை தானாகக் கேள்வித்தாளை எடுத்தது. கால் தானாக உள்ளறைப் பக்கம் திரும்பியது. எடுத்த தாளைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். அந்தத் தவிப்பை நாச்சிமுத்து எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லுவார்.

“உக்காருங்க அம்மணி,” என்றார். “இப்பப் போயே ஆகணும்னுதான் தோணும். தோணட்டும். பத்து நிமிசம் தள்ளிப் போடுங்க. அது பாட்டுக்கு ஏறும், அது பாட்டுக்கு எறங்கிரும்.”

அவர் குடியை விட்டு வீட்டுக்குப் போன அன்றைக்கு அவள் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள். அவளும் அவர் அப்போது கேட்டதையே கேட்டாள்.

“எறங்கலைன்னா என்னங்கண்ணா பண்றது?”

“இன்னொரு பத்து நிமிசங்க.”

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க மண்டிக் கதை சொன்னார். விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் வித்தியாசம் சொன்னார். பத்து அடித்தபோது மேகலா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாம் நிமிஷம் பல்லைக் கடித்தாள். எட்டாம் நிமிஷம் விரலி மஞ்சளைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டாள். பத்தாம் நிமிஷம் பாரம் இறக்கி வைத்தது போல எழுந்து, நிதானமாக உள்ளே போய், முதல் கேள்வியைப் படித்தாள்.

பழக்கம் வலது பக்கம் சாய்ந்து நன்றாக யோசித்தது.

“ஒரு தடவையும் இல்லீங்க,” என்றது.

மேகலா பூஜ்யம் போட்டாள். முகம் சுளிக்கக் கூடாது என்றுதான் விதி. சிரிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. நன்றாகவே சிரித்தாள். பழக்கம் துளசிக்குக் கடைசியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நாச்சிமுத்துவை யாரென்று தெரியாமலே அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, படியிறங்கிப் போனது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டாவது பை ஈரோடு வந்து சேர்ந்தது. அதில் பாதிக்கு மேல் ஊறுகாய் ஜாடிகள் என்று நாச்சிமுத்து போனில் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேகலா வழியில் கரும்புச்சாறு குடித்து, ஒரு கல்யாண ஊர்வலத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு, பத்து இருபத்தைந்துக்கு நிலையத்துக்கு வந்தாள். அவளுடைய பழைய பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஒன்பதே முக்காலிலிருந்து ஒருவர் முன்னறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் நாற்பத்து நான்காம் எண் சீட்டு.

“பத்து மணின்னு சொன்னாங்க,” என்றது அது.

மேகலா அதற்குப் பாயும் தட்டும் எடுத்துக் கொடுத்தாள். துளசி இருக்கும் இடத்தைக் காட்டினாள். பிறகு எதிரே உட்கார்ந்து, தன் பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் படித்து, அந்த ஏழு நாளில் தன்னை எத்தனை முறை நினைத்தது என்று கேட்டாள்.