முகூர்த்த நேரத்தில் மாட்டிய மீன்

தவின் அண்ணனுக்கு அன்று காலை ஒரே ஒரு வேலைதான் இருந்தது. மகள் தாரிணியின் கல்யாணத்தில், சரியாக ஒன்பது மணி ஒன்பது நிமிடத்துக்கு, சங்கில் நீர் எடுத்து மணமக்களின் கைகளில் முதல் ஆளாக ஊற்ற வேண்டும். சமையல், பந்தல், பிக்குகளுக்கு உணவு எல்லாவற்றையும் அவருடைய தங்கைகள் பார்த்துக்கொண்டார்கள். தாயில்லாப் பெண்ணுக்கு அந்த ஒன்றை மட்டும் தகப்பன்தான் செய்ய வேண்டும். அதையும் மனிதர் கெடுக்கப் பார்த்தார். நடந்தது என் குளத்தில், ஆகவே என்னிடம் யாரும் கதை விட முடியாது.

என் பெயர் உராய். தாய்லாந்தில், பாங்பாகோங் ஆற்றுப் பக்கம் பதினெட்டு வருடமாக மீன்பிடிக் குளம் நடத்துகிறவள். வருகிறவர்கள் காசு கட்டி உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள், அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்கள், முதுகைத் தடவித் திரும்பத் தண்ணீரில் விடுவார்கள். இதற்காக வீட்டில் பொய் சொல்லிவிட்டு வருகிற ஆண்களை நான் பார்த்த அளவுக்கு ஒரு நீதிபதிகூடப் பார்த்திருக்க மாட்டார்.

அவர்களில் தவின் அண்ணன் தனி ரகம். வீடு குளத்தின் எதிர்க்கரையிலேயே. கை தடிமன் தூண்டில் கம்பு வைத்திருப்பவர்களைப் பார்த்தால் அவருக்கு இளக்காரம். "கிணத்துல வாளி இழுக்கிறவனுங்க" என்பார். அவருடைய கம்பு ஊதுவத்தியைவிடக் கொஞ்சம்தான் பருமன், செல்போனைவிட எடை குறைவு. நூல் மூன்று கிலோ தாங்கினால் பெரிது. அந்தக் குச்சியை வைத்துக்கொண்டு, என் குளத்தில் கிடக்கிற அறுபது கிலோ மேகோங் கெளுத்தியைப் பிடிப்பேன் என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கெளுத்தியும் பதினோரு வருடமாக நூலை அறுத்துக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு அவராகவே ஒரு சட்டமும் போட்டு, என் கொட்டகைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார்: 'கம்பு கை மாறினால் மீன் கணக்கில் வராது.' போன வருடம் கிட்டிசாக் என்ற பையன், பெரிய மீனோடு மல்லுக்கட்டும்போது வேர்வை துடைக்க ஒரு நொடி பக்கத்து ஆளிடம் கம்பைக் கொடுத்துவிட்டான். பன்னிரண்டு பேருக்கு முன்னால் அண்ணன், "தம்பி, இது உன் மீனில்ல. வேணும்னா பக்கத்து வீட்டு மீனுன்னு சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டார். பையன் முகம் தொங்கிப் போனதைப் பார்த்து, பரிதாபப்பட்டு ஐஸ் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள் தாரிணி. இன்று மாப்பிள்ளை அவன்தான். எனக்குத் தெரிந்து அந்தச் சட்டத்தால் விளைந்த ஒரே நன்மை அது.

காலை ஆறரைக்கு அண்ணன் பட்டுச் சட்டையும் பளபள செருப்புமாக வந்து நின்றார்.

"அண்ணே, இன்னைக்குமா?"

"அரை மணி நேரம்தான் உராய். வீட்டுல எங்க நின்னாலும் 'தள்ளு தள்ளு'ங்கறாளுங்க. சின்ன மீனா ரெண்டு புடிச்சு மனச ஆத்திட்டுப் போயிடறேன்."

தவிட்டையும் தேங்காய்ப்பாலையும் பிசைந்து உருட்டிப் போட்டார். ஏழு பத்துக்கு அந்தக் குச்சி வளைந்தது. வளைந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துபோனது. சின்ன மீன் கம்பை உதறும். இது உதறவில்லை, ஒரு எருமை நடந்து போவதுபோல நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"உராய், அதுதான்!" என்றார். அந்தக் குரலைக் கல்யாணம் நிச்சயமான அன்றுகூட நான் கேட்கவில்லை.

"அறுத்துவிட்டுக் கிளம்புங்கண்ணே."

"பைத்தியமா உனக்கு?"

பைத்தியம் எனக்கு. சரி.

இந்த மாதிரிக் கம்பில் மீனை இழுக்க முடியாது, மீன் போகிற பக்கம் கூடவே போகத்தான் முடியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூல் சுற்றிய ரீலின் குமிழை விட்டு அகலக் கூடாது. மீன் ஓடினால் மயிரிழை தளர்த்த வேண்டும், நின்றால் மயிரிழை இறுக்க வேண்டும். கால் சுற்று கூடுதலாகத் திருகினால் நூல் போச்சு. எட்டரை மணிக்குள் அண்ணன் குளத்தை மூன்று சுற்று வந்துவிட்டார். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. செருப்பு ஒன்று சேற்றில் போய்விட்டது.

"நீங்க மீன மேய்க்கிறீங்களா, மீன் உங்கள மேய்க்குதா?" என்று கேட்டேன்.

தங்கைகள் மாறி மாறிப் போன் செய்தார்கள். கை ஒழியாததால் போனை நான்தான் அவர் காதில் வைத்துப் பிடித்தேன். "இதோ வந்துட்டேன்" என்று நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் எதிர்த் திசையில் நடந்துகொண்டே சொன்னார்.

எட்டே முக்காலுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. பெண் வீட்டுக்குப் போகிற வழியே என் குளக்கரைதான். வாழைக்கன்று, கரும்பு, தட்டு தட்டாகப் பலகாரம், முன்னால் நீள முரசு. முரசு அதிர்ந்ததும் மீன் மிரண்டு எழுபது மீட்டர் நூலை உருவிக்கொண்டு ஓடியது.

"முரசை நிறுத்துங்கடா!" என்று கத்தினார் பெண்ணின் தகப்பனார்.

ஆடிக்கொண்டு வந்த கூட்டம் அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் அம்மா பென்சி, ராயோங்கில் மூன்று பழத்தோட்டம் வைத்திருப்பவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒற்றைச் செருப்பும் சேற்றுக் காலுமாக நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சம்பந்தி, வாசல்ல நின்னு எங்கள வரவேற்க வேண்டியவர் நீங்க."

"வாங்க வாங்க. ரொம்ப சந்தோஷம். அந்தப் பக்கமா நடங்க, நூல்ல தட்டிடப் போகுது."

"ஒம்பது ஒம்பது தாண்டிடுச்சுன்னா அடுத்த நல்ல நேரம் நாலு மாசம் கழிச்சுத்தான்னு ஜோசியர் சொல்லியிருக்காரு. நாலு மாசம் என் பையன் காத்துக்கிட்டிருக்க மாட்டான். தட்டெல்லாம் வண்டியில ஏத்திடுவேன், பாத்துக்கோங்க."

"அம்மா, நான் காத்திருப்பேன்" என்றான் கிட்டிசாக்.

"நீ சும்மா இருடா."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, கம்பை என்கிட்ட குடுத்துட்டு ஓடுங்க. பத்தே நிமிஷம்."

"கை மாறினா கணக்கில்ல உராய்."

"யாருண்ணே கணக்கு கேக்கறாங்க?"

"நான் கேப்பேனே" என்றார். சொல்லும்போது அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பதினோரு வருட ஆசை ஒரு மனிதனுக்கு இந்தக் காலையிலா வந்து மாட்ட வேண்டும்?

எதிர்க்கரையிலிருந்து தாரிணி வந்தாள். பொன்னிறப் பட்டு உடையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பு மேல் நடந்து வந்தாள். எல்லாரும் திட்டப்போகிறாள் என்று நினைத்தோம். அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று, கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள்.

"பெருசாப்பா?"

"அதேதாம்மா. இப்ப விட்டா போயிடும்மா."

"நானுந்தான்பா போறேன்."

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஏழு பத்திலிருந்து அவர் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு கிட்டிசாக்கைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா. புடி."

"மாமா, கை மாறினா..."

"புடிடான்னா."

பையன் வாங்கிக்கொண்டான். பெண்கள் எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டோம். அண்ணன் இரண்டடி வைத்திருப்பார், அதற்குள் பென்சி அலறினாள்: "மாப்பிள்ளையையே மீன்கிட்ட நிறுத்திட்டு யாருக்குய்யா கல்யாணம் பண்ணப் போறீங்க?"

உண்மைதான். அந்த அவசரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. உடனே பத்துப் பேர் "என்கிட்ட குடு" என்று கை நீட்டினார்கள். கிட்டிசாக் கம்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"மாமா என்னை நம்பிக் குடுத்தாரு. வேற யாருகிட்டயும் தர மாட்டேன்."

போன வருடம் வாங்கிய அவமானம் அப்படிப் பேசியது. மணி ஒன்பது நாலு. இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று நானே முடிவெடுத்தேன்.

"சங்கு, சொம்பு, நூலு, ஜோசியரு, எல்லாத்தையும் இங்க கொண்டாங்க! கையில தண்ணிதானே ஊத்தணும்? கைதான் இங்க இருக்கே!"

தங்கைகள் ஓடினார்கள். ஜோசியரை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு தலையிலும் வெள்ளை நூல் வளையம் மாட்டினார்கள். இரண்டு வளையத்தையும் நடுவில் ஒரே நூல் இணைக்கும், சடங்கு முடியும்வரை அது அறக்கூடாது. மாப்பிள்ளை கை கம்பில் இருந்தது. தாரிணி தன் இரண்டு கையையும் அவன் கை மேல் வைத்தாள். இப்படியும் செல்லுமா என்பதுபோல எல்லாரும் ஜோசியரைப் பார்த்தோம். "நேரம் சரியா இருந்தா போதும்" என்றார். நல்ல மனிதர், பசியாகவும் இருந்திருக்கும்.

ஒன்பது ஒன்பது. தவின் அண்ணன் சங்கை நிறைத்துக்கொண்டு வந்தார். முதல் சொட்டு மகளின் கையில் விழுந்தது, மீன் கடைசி ஓட்டத்தை ஓடியது.

கிட்டிசாக் இரண்டு எட்டு முன்னால் போனான். தலை நூல் விறைத்தது. தாரிணி கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு தட்டுத்தடுமாறி அவன் பின்னால் போனாள். "நூலு! நூலு!" என்று பென்சி கத்தினாள். இன்னும் ஒரு எட்டு போனால் அறுந்துவிடும். பையனுக்குக் கம்பை விடவும் தெரியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

நான் அண்ணனுக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். வலது கையில் சங்கு நீர் வார்த்துக்கொண்டே இருந்தது. இடது கை மகள் கையைத் தடவுவதுபோலப் போய், ரீல் குமிழை முழுதாக ஒரு சுற்று இறுக்கியது.

பட்டென்று சத்தம் கேட்டது. ஊதுவத்திக் கம்பு நிமிர்ந்தது. குளத்தின் நடுவில் ஒரு பெரிய முதுகு புரண்டு உள்ளே போனது.

"மாமா, மன்னிச்சிருங்க மாமா, நான்தான்..." என்று கிட்டிசாக் தேம்பினான்.

"உன் தப்பில்லடா. நூல் மட்டமான சரக்கு. கம்பைக் கீழ போட்டுட்டுக் கையக் கூப்பு, தண்ணி வீணாகுது."

இரண்டு பேரும் ஒழுங்காக மண்டியிட்டுக் கை கூப்பினார்கள். தலை நூல் அறவில்லை. அண்ணன் மறுபடி சங்கை நிறைத்து, சொட்டுச் சொட்டாக, அவசரமே இல்லாமல் ஊற்றினார். சங்கு காலியான பிறகும் சாய்த்துப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அப்புறம் கொட்டகைக்குப் பின்னால் போய், பட்டுச் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆண்கள் எல்லாரும் சுற்றி நின்று, பரவாயில்லை, மழைக்காலத்தில் இதைவிடப் பெரிய மீனாகப் பிடித்துவிடலாம் என்று அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.